ரெண்டு மணித்தியாலமா, 6 மணி 40 நிமிசமா?

திருகோணமலை உப்புவெளியில இருந்து ஒரு அம்மா எழுதின கடிதம், கொஞ்சம் சுருக்கிப் போடுறன்:

"வணக்கம் மிஸ். போன கிழமை கம்பஸ் பிள்ளையள் ரெண்டு பேர் ஒரு ஃபோர்மோட வீட்டுக்கு வந்தாங்க, சின்னாக்கள் ஃபோன் டீவி பாவிக்கிறதப் பற்றின ஆய்வாம். மகன் (14 வயசு) ஒரு நாளைக்கு எத்தின மணித்தியாலம் ஸ்க்ரீன் பாப்பார் எண்டு கேட்டாங்க. நான் ரெண்டு மணித்தியாலம் எண்டன். இவர் பக்கத்தில நிண்டுகொண்டு, முழு நாளும் அதோடதானே கிடக்கிறான் எண்டார். மகன் உள்ளுக்க இருந்து ஒரு மணித்தியாலம்தான் எண்டு கத்தினான். அண்டைக்கு இரவு ஃபோன்ல செட்டிங்ஸுக்குப் போய்ப் பாத்தா 6 மணி 40 நிமிசம்! யூடியூப் 3 மணி 10 நிமிசம், வட்ஸ்அப் 1 மணி 50, ஃப்ரீ ஃபயர் கேம் 1 மணி 5, மிச்சம் சில்லறை 35 நிமிசம். நெஞ்சு திக்கெண்டு போச்சு. நான் பொய் சொல்லிட்டன் போல கிடக்கு. இதில எது சரி? ஆய்வு செய்யிற ஆக்கள் எங்கள மாதிரி ஆக்கள் வாயால சொல்லுறத நம்பியோ கணக்கெடுக்கிறாங்க? மகளுக்கு 6 வயசு, அவவுக்கும் இதே ஃபோன்தான். வீட்டில நல்ல ஃபோன் ஒண்டுதான் இருக்கு, இவர் கடலுக்குக் கொண்டுபோறது பட்டன் ஃபோன். அந்தப் பிள்ளையளுக்குக் கோல் எடுத்து நான் சொன்னது பிழை எண்டு சொல்லவா?"

தங்கச்சி, முதல்ல அந்தப் 'பொய்' எண்ட சொல்ல விடுங்க. கவுன்சிலிங் வேலைக்கு வாறதுக்கு முதல் நானும் கனகாலம் ஃபோர்மும் கையுமா வீடு வீடாத் திரிஞ்ச ஆள்தான், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், நிலாவெளி எண்டு போகாத ஒழுங்கை இல்ல. ஒருக்கா மூதூர்ப் பக்கம் ஒரு வீட்டில ஐயா ஒருத்தர், "எங்கட வீட்டில டீவி பாக்கிறதே குறைவு பிள்ளை" எண்டு சொல்லுறார், அவருக்குப் பின்னால நாடகம் ஓடிக்கொண்டிருக்கு, பேத்தி வாயத் திறந்தபடி பாத்துக்கொண்டிருக்கு. நான் என்னத்த எழுதுறது? அவர் சொன்னதத்தான் எழுதினன், அதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த விதி. அவர் பொய் சொன்னார் எண்டு இண்டைக்கும் நான் நினைக்கேல்ல. பெட்டி தன்பாட்டில ஓடுறது அவருக்கு 'பாக்கிறது' இல்ல, எங்கட ஃபோர்முக்கு ரெண்டும் ஒண்டு.

உங்களிட்டக் கேட்ட கேள்வியும் அப்பிடித்தான். 'ஒரு நாளைக்கு எத்தின மணித்தியாலம்' எண்டா எந்த நாளைக்கு? உங்கட மனுசன்ட கேட்டுப்பாருங்க, ஒரு நாளைக்கு எவ்வளவு மீன் படும் எண்டு. வாடைக்காலத்துக் கடலோ, ஆடி ஆவணிக் கடலோ எண்டு அவர் திருப்பிக் கேப்பார், வலைக்கு ஒண்டும் படாத நாளும் இருக்கு, வள்ளம் நிறைஞ்ச நாளும் இருக்கு, நடுவில 'வழமையான நாள்' எண்டு ஒண்டு உண்மையில இல்ல. பிள்ளையட ஃபோனும் அதே கதை, பள்ளிக்கூட நாள் வேற, ஞாயிறு வேற, சோதனை முடிஞ்ச கிழமை வேற, டேட்டா முடிஞ்ச நாள் முற்றிலும் வேற. 2022ல 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போன நாள்கள நினைச்சுப்பாருங்க, அந்த மாசம் ஒருத்தர் வந்து டீவி நேரம் கேட்டிருந்தா திருகோணமலைப் பிள்ளையள் எல்லாம் தவம் இருக்குதுகள் எண்டு எழுதிக்கொண்டு போயிருப்பார். 2020ல பள்ளிக்கூடம் பூட்டி வட்ஸ்அப்பில பாடம் வந்த காலத்தில கேட்டிருந்தா எல்லாம் கெட்டுப்போச்சு எண்டு எழுதியிருப்பார்.

சரி, உங்கட நேர்க் கேள்விக்கு வாறன். ஓம், பெரும்பாலான ஆய்வு இண்டைக்கும் வாயால சொல்லுறத வச்சுத்தான் நடக்குது, செலவு குறைவு, ஆயிரக்கணக்கில ஆக்களக் கேக்கலாம், அதுதான் காரணம். ஆனா அது எவ்வளவு பிழைக்கும் எண்டும் அவங்களுக்குத் தெரியும், அதையே தனியா அளந்து பாத்திருக்காங்க. தென்னாபிரிக்காவில ஸ்டெலன்பொஷ் பல்கலைக்கழகத்து டக்ளஸ் பரியும் வேற சில பேரும் சேந்து 2021ல ஒரு வேலை செய்தாங்க, ஆக்கள் சொன்ன நேரத்தையும் கருவி பதிஞ்ச நேரத்தையும் ரெண்டையும் வச்சிருந்த ஆய்வுகள எல்லாம் ஒண்டாச் சேத்து ஒப்பிட்டுப் பாத்தாங்க. ரெண்டும் அச்சொட்டாச் சேந்து ஏறி இறங்கினா 1, ஒரு சம்பந்தமும் இல்லாட்டி 0 எண்டு வச்சா, வந்தது 0.38. அதாவது கூடப் பாவிக்கிறவர் கொஞ்சம் கூடத்தான் சொல்லுவார், ஆனா அவர் சொன்ன மணித்தியாலத்த அப்பிடியே தூக்கி கணக்கில போடேலாது.

தாய் தகப்பன் பிள்ளைக்காகச் சொல்லேக்க இன்னும் சிக்கல். அமெரிக்காவில ஜெனி ரடெஸ்கி எண்ட பிள்ளை வைத்தியரும் ஆக்களும் 3 வயசில இருந்து 5 வயசு வரை உள்ள பிள்ளையளட வீடுகள்ல, 346 குடும்பம், தாய் தகப்பன்ட வாய்க்கணக்கையும் ஃபோனுக்குள்ள இருந்து எடுத்த கணக்கையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தாங்க, 2020ல வந்த ஆய்வு அது. கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்கு ஆக்கள் குறைச்சுச் சொல்லியிருந்தாங்க, இன்னொரு மூண்டில ஒரு பங்கு கூட்டிச் சொல்லியிருந்தாங்க, மிச்சப் பேர்தான் கிட்டக்கிட்ட. எல்லாரும் வெக்கத்தில குறைச்சுத்தான் சொல்லுவாங்க எண்டு நான் நினைச்சிருந்தன், அப்பிடி இல்ல பாருங்க, பயந்து கூட்டிச் சொல்லுற ஆக்களும் அவ்வளவு பேர் இருக்கினம். உங்கட வீட்டில நீங்க ஒரு பக்கம், மனுசன் மற்றப் பக்கம்.

ஏன் இப்பிடிப் பிழைக்குது? டீவிய ஒருக்காப் போட்டா ஒரு நாடகம், அரை மணித்தியாலம், கணக்கு மனசில நிக்கும். ஃபோன் அப்பிடியில்ல, அரை நிமிசம், மூண்டு நிமிசம், மெசேஜ் ஒண்டு, ஸ்கோர் ஒண்டு எண்டு நொறுக்குத்தீனி மாதிரிப் போகும். அமெரிக்காவில 11இல இருந்து 17 வயசு வரை உள்ள 203 பிள்ளையளட ஃபோன்ல ஒரு அப் போட்டு 2023ல ஒரு ஆய்வு வந்தது, அதில பாதிப் பேருக்கு நாளைக்கு 237 நோட்டிபிகேசனுக்குக் குறையாம வந்துகொண்டிருந்தது. அத ஆர் எண்ணி வைக்கிறது? பின்னேரம் சாப்பிட்ட நொறுக்குத்தீனிய ஆராவது தட்டுக்கணக்கில சொல்லுவாங்களா?

அதுக்காக வாய்க்கணக்கெல்லாம் குப்பை எண்டும் இல்ல, கேக்கிற விதத்திலதான் இருக்கு. எனக்குப் பிடிச்ச ஒரு பழைய ஆய்வு இருக்கு, 1985ல வந்தது, அமெரிக்காவில 5 வயசுப் பிள்ளையள் இருக்கிற 99 வீட்டில டீவிக்குப் பக்கத்தில கமரா வச்சு 10 நாள் பாத்தாங்க. கமராவில வந்ததுக்கும், தாய் தகப்பன் அண்டண்டைக்கு டயரியில எழுதினதுக்கும் நல்லாவே ஒத்துப்போச்சு, முதல் சொன்ன அதே 0, 1 அளவில 0.84. ஆனா எழுதாம பொத்தாம்பொதுவா 'இவ்வளவு நேரம் பாக்கும்' எண்டு சொன்ன கணக்கு கிட்டவும் வரேல்ல. பாத்தீங்களா, அதே அம்மா, அதே பிள்ளை, அதே டீவி, 'பொதுவா எவ்வளவு' எண்டு கேட்டா பிழைக்குது, 'இண்டைக்கு ஆறு மணிக்கு என்ன நடந்தது' எண்டு கேட்டா சரியா வருது. பிரிட்டனில 2000த்த ஒட்டிப் பிறந்த 19,000 பிள்ளையள வளர வளரப் பின்தொடர்ற ஒரு பெரிய ஆய்வு இருக்கு, அவங்களும் பிள்ளையளுக்கு 14 வயசாகேக்க, கிழமை நாள் ஒண்டு, சனி ஞாயிறில ஒண்டு எண்டு ரெண்டு நாளுக்கு டயரி குடுத்துத்தான் எழுதவச்சாங்க. ஃபோர்ம் தூக்கின காலத்தில எங்களுக்கும் ஆராவது இதச் சொல்லியிருந்தா எவ்வளவு வெயில் மிச்சம்.

இப்ப உங்களப் பயப்படுத்தின அந்த 6 மணி 40 நிமிசத்துக்கு வருவம். ஃபோன் பொய் சொல்லாது எண்டு நீங்க நினைக்கிறீங்க. அது பொய் சொல்லாதுதான், ஆனா அதுக்குக் கண் இல்ல. ஸ்க்ரீன் வெளிச்சமா இருந்து ஒரு அப் திறந்திருந்ததத்தான் அது எண்ணுது, முன்னுக்கு ஆர் இருந்தது எண்டு அதுக்குத் தெரியாது. நீங்க அனுப்பின கணக்க வடிவாப் பாருங்க. ஃப்ரீ ஃபயர் 1 மணி 5 நிமிசம், அது மகன், சந்தேகம் இல்ல. யூடியூப் 3 மணி 10ல நீங்க சோறு வடிக்கிற நேரம் மகள் பாக்கிற காட்டூன் எவ்வளவு? மத்தியானம் நீங்க பாக்கிற நாடகம் எவ்வளவு? (கடிதத்தில எழுதேல்லத்தான், இருந்தாலும் கேக்கிறன்.) வட்ஸ்அப் 1 மணி 50ல வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரரோட வீடியோ கோல் எவ்வளவு, ரியூசன் மாஸ்டர் அனுப்பின நோட்ஸப் பாத்துக் கொப்பியில எழுதின நேரம் எவ்வளவு? பிள்ளை யூடியூப்ப ஓடவிட்டிட்டு நித்திரையாப் போனாலும் ஃபோன் எண்ணிக்கொண்டுதான் இருக்கும். மறுபக்கம், வீட்டு டீவி இதில இல்ல, கூட்டாளிட ஃபோன்ல சந்தியில நிண்டு விளையாடினதும் இல்ல. ஒரு ஆளுக்கு ஒரு ஃபோன் எண்டு நினைச்சுச் செய்த கருவி இது, எங்கட வீடுகள்ல ஒரு ஃபோனுக்கு நாலு ஆள். இந்தச் சிக்கல் வெளிநாட்டு ஆய்வுக்காரருக்கும் இருக்கு, அதாலதான் சில ஆய்வில ஃபோனத் திறக்கேக்க 'இப்ப பாவிக்கிறது ஆர்' எண்டு கேக்கிற மாதிரி அப் செய்து வச்சிருக்காங்க, 4 வயசுப் பிள்ளை அதுக்கு என்ன பதில் அமத்தும் எண்டது வேற கதை.

ஆக மகன்ட உண்மையான நேரம் 6 மணி 40 இல்ல, உங்கட ரெண்டும் இல்லாம இருக்கலாம், அவர் கத்தின ஒண்டு கட்டாயம் இல்ல, ஃப்ரீ ஃபயர் மட்டுமே அதத் தாண்டிட்டுதே.

இதுக்கு மேலயும் போய் அளக்கிறாங்க. நியூசிலாந்தில வெலிங்டன் பக்கம் 2014, 2015ல 168 பிள்ளையளட கழுத்தில சின்னக் கமராவக் கொழுவி 4 நாளைக்கு 7 செக்கனுக்கு ஒருக்காப் படம் எடுத்தாங்க, தொடங்கினது சாப்பாட்டு விளம்பரங்களப் பாக்க, ஆனா அந்தப் படங்களில டீவி, ஃபோன், கொம்பியூட்டர் எல்லாம் வந்திட்டுது, ஒரே நேரத்தில ரெண்டு ஸ்க்ரீன் பாக்கிறதும் தெரிஞ்சுது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில இன்னொரு ஆக்கள், ஃபோன் திறந்திருக்கிற நேரம் முழுக்க 5 செக்கனுக்கு ஒரு ஸ்க்ரீன்சொட் எடுத்துச் சேக்கிறாங்க, அப்ப என்ன அப் எண்டு மட்டுமில்ல, அதுக்குள்ள என்ன பாத்தது எண்டும் தெரியும். கேக்கவே ஒரு மாதிரித்தான் இருக்கு எனக்கு. ஆனா ஒண்டு கவனியுங்க, இதெல்லாம் தாய் தகப்பன்ட சம்மதம், பிள்ளையட சம்மதம் ரெண்டும் வாங்கித்தான் செய்யலாம், குளிக்கிற இடம் உடுப்பு மாத்துற இடத்தில கமராவக் கழட்டலாம் எண்டு சொல்லித்தான் குடுக்கிறது. மகனுக்குத் தெரியாம ஃபோன்ல ஒளிச்சு அப் போடுவமோ எண்டு உங்கட மனுசன் யோசிச்சா, ஆய்வுக்காரரே அப்பிடிச் செய்யிறேல்ல எண்டு சொல்லுங்க.

இன்னொரு விதம் இருக்கு, நாளைக்கு நாலஞ்சு தரம் ஃபோன்ல ஒரு சின்னக் கேள்வி வரும், 'இப்ப என்ன செய்யிறாய், இப்ப மனசு எப்பிடி' எண்டு. நெதர்லாந்தில 14, 15 வயசுப் பிள்ளையள் 63 பேரிட்ட ஒரு கிழமை நாளைக்கு 6 தரம் இப்பிடிக் கேட்டாங்க, 2020ல வெளிவந்தது. மற்ற ஆக்கள்ட போஸ்ட்டுகளச் சும்மா பாத்துக்கொண்டிருந்த பிறகு 46 வீதம் பேருக்கு மனசு நல்லா இருந்தது, 44 வீதத்துக்கு ஒண்டும் மாறேல்ல, 10 வீதத்துக்கு மனசு கீழ போச்சு. ஒரே செயல், ஒரே வயசு, மூண்டு விதப் பிள்ளை. சராசரி எடுத்தா அந்த 10 வீதத்துப் பிள்ளை காணாமப் போயிடும், ஆனா என்னட்ட அறைக்குள்ள வந்து இருக்கிறது அந்தப் பிள்ளைதான். அதால எனக்கு இந்த ஆய்வில ஒரு பிரியம்.

மணித்தியாலத்த மட்டும் வச்சு ஒரு பிள்ளை கெட்டுப்போச்சோ இல்லையோ எண்டு சொல்லேலாது எண்டதுக்கு இன்னுமொண்டு. ஏமி ஓர்பன், ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி எண்ட ஆய்வாளர் ரெண்டு பேர் 2019ல 3,55,358 பிள்ளையளட தரவ வச்சுப் பாத்தாங்க, பிள்ளைக்குப் பிள்ளை மனநலத்தில இருக்கிற வித்தியாசத்தில ஸ்க்ரீனோட சம்பந்தப்பட்டது ஆகக் கூடினா 0.4 வீதம்தான். அந்தத் தரவும் பெரும்பாலும் வாயால சொன்னதுதான், அதால இத வச்சு ஃபோன் பரவாயில்ல எண்டு நான் சொல்லவரேல்ல. மங்கலான கண்ணாடியால பாத்து ஒண்டும் தெரியேல்ல எண்டா அங்க ஒண்டும் இல்ல எண்டு ஆகாது, ஆனா அதே கண்ணாடியால பாத்திட்டு பேய் நிக்குது எண்டு கத்துறதும் சரியில்ல.

உங்கட மனுசன் 'அடிக்ட் ஆகிட்டான்' எண்டு சொல்லுறார் போல (முழு நாளும் கிடக்கிறான் எண்டா அந்த அர்த்தம்தானே). அதுக்கும் தனிக் கேள்விப்பட்டியல் இருக்கு, ஐரோப்பாவில பெரிய அளவில பாவிக்கிற ஒண்டில 9 கேள்வி, ஓம் இல்ல எண்டு பதில், சோசல் மீடியாவால வீட்டில அடிக்கடி சண்டை வந்ததோ, பாவிச்ச நேரத்தப் பற்றிப் பொய் சொன்னதோ, விடப்பாத்து விடேலாமப் போனதோ எண்ட மாதிரி. 6 இல்லாட்டி அதுக்கு மேல ஓம் எண்டாத்தான் பிரச்சினைக்குரிய பாவனை எண்டு வைக்கிறது. 2022ல அங்க 11 வீதம் பிள்ளையள் அந்தக் கோட்டத் தாண்டினாங்க. கவனிச்சீங்களா, ஒன்பதில ஒண்டும் 'எத்தின மணித்தியாலம்' எண்டு கேக்கேல்ல. நான் முதல் சொன்ன 2021 ஆய்விலயும் இந்த மாதிரிப் பட்டியலுக்கும் ஃபோன் பதிஞ்ச நேரத்துக்கும் ஒற்றுமை 0.25தான் வந்தது. கூட நேரம் எண்டது ஒண்டு, மாட்டுப்படுறது எண்டது வேறொண்டு.

மகள் 6 வயசு எண்டபடியால ஒரு வரி. உலக சுகாதார நிறுவனம் 2019ல மணித்தியாலம் சொன்னது 5 வயசுக்குக் கீழ உள்ள ஆக்களுக்கு, 2இல இருந்து 4 வயசுக்கு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம் எண்டு. பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு 2020ல சொல்லேக்க எண் ஒண்டும் போடேல்ல, பொழுதுபோக்குக்காக இருந்த இடத்தில இருந்து பாக்கிறதக் குறையுங்க எண்டுதான் சொன்னது. அதால மகன்ட ரியூசன் நோட்ஸயும் வீடியோ கோலையும் குற்றக் கணக்கில சேக்காதீங்க.

இனி நீங்க செய்ய வேண்டியது. முதல்ல உங்களுக்கு என்ன தெரியவேணும் எண்டு முடிவெடுங்க, நித்திரை குறையுதோ, படிப்போ, விளையாட்டுக்குப் போறத விட்டிட்டாரோ, இல்ல உங்களோட கதைக்கிறதே இல்லையோ. 'மொத்தம் எவ்வளவு' எண்டது ஒரு கேள்வியே இல்ல, அத விடுங்க. உங்கட கடிதத்தில நித்திரை, படிப்பு எண்டு ஒண்டுமே இல்ல, எண் மட்டும்தான் இருக்கு, அதாலதான் கேக்கிறன். நித்திரை எண்டு வையுங்க. குசினிச் சுவரில கடைக்காரர் தந்த கலண்டர் தொங்கும்தானே, அதில ஒரு கிழமைக்கு, இரவு சாப்பாட்டில இருந்து விடிய எழும்பும் வரைக்கும் மட்டும், ஃபோன் ஆரிட்ட இருந்தது, என்னத்துக்கு, எத்தின மணிக்கு லைட் நூந்தது, மகன் எத்தின மணிக்கு எழும்பினார், எத்தின தரம் கூப்பிட்டு எண்டு எழுதுங்க. அண்டண்டைக்கு எழுதவேணும், ஞாயிற்றுக்கிழமை இருந்து யோசிச்சு எழுதினா திரும்பவும் 'ரெண்டு மணித்தியாலம்' எண்டுதான் வரும். எழுதுறது மகனா இருந்தா இன்னும் நல்லம், 14 வயசு, கணக்கு வரும். ஒவ்வொரு இரவும் செட்டிங்ஸப் பாக்க முதல் நீங்க, மகன், மனுசன் கரையில நிக்கிற நாளெண்டா அவரும், இண்டைக்கு எவ்வளவு எண்டு ஒரு எண்ணச் சொல்லிப்போட்டுப் பிறகு திறந்து பாருங்க. ஆர் கூடப் பிழைக்கிறது எண்டு ஒரு போட்டி மாதிரி. என்னட்ட வந்த ரெண்டு மூண்டு குடும்பத்தில இதச் செய்தவை, ஒரு வீட்டில கடைசியில பிடிபட்டது அப்பாட பேஸ்புக்.

முதல் ரெண்டு நாள்க் கணக்க நம்பாதீங்க. பாக்கிறாங்க எண்டு தெரிஞ்சா ஆக்கள் நடக்கிற விதம் மாறும், ஆய்விலயும் அதுதான், மகன் ஞாயிறும் திங்களும் முனிவர் மாதிரி இருப்பார், புதன்கிழமைதான் சுயரூபம் வரும். நித்திரை ஒரு கிழமையா பிந்திக்கொண்டே போகுது, காலையில எழும்பேலாமக் கிடக்கிறார், பள்ளிக்கூடத்தில முறைப்பாடு வருது எண்டா அந்தக் கலண்டரையும் கொண்டு மகனோட வாங்க, கதைப்பம். அப்பிடி ஒண்டும் இல்லாட்டி என்னட்ட வரவேண்டிய தேவையே இல்ல.

அந்தப் பிள்ளையளுக்குக் கோல் எடுக்கிறதோ? எடுங்க. அவங்க தந்த தாள்ல நம்பர் இருக்கும். 'பிழை' எண்டு சொல்லாம, நான் சொன்ன ரெண்டு மணித்தியாலம் மனக்கணக்கு, ஃபோன்ல 6 மணி 40 காட்டினது, ஆனா அந்த ஃபோன மூண்டு பேர் பாவிக்கிறம் எண்டு மூண்டையும் சொல்லுங்க. கெட்டிக்காரப் பிள்ளையளா இருந்தா மூண்டாவதத்தான் சந்தோசமா எழுதுவாங்க, அவங்கட ஃபோர்ம்ல அதுக்கொரு கட்டம் இருந்திருக்காது. மகன் ரியூசனுக்குப் போன நேரமாப் பாத்து எடுங்க, ஃபோன் உங்கட கையில இருக்கிறது அப்பத்தானே.